எங்கை-இறங்குவாய் அக்கா

மொன்றியலில் எல்லோரும் எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே இறங்கலாம் என்று மட்டும் இருபத்துநான்கு மணித்தியாலமும் யோசித்துக்கொண்டிருப்பவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்களுக்கு மேல்வீட்டில் இருக்கிறார். அவருடைய உண்மையான பெயர் கடிதப்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அதை வாசிப்பவர் தபால்காரர் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் எங்கை-இறங்குவாய் அக்கா.

அவரோடு ஒருநாள் பறந்தே தீருவது என்ற எண்ணம் எனக்கு வந்தது லவாலில் ஒரு விழா மண்டபத்தில், கையில் பாதி கடித்த மட்டன் ரோல்ஸ் இருந்தபோது. யாரோ ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்புனித விழா. நாங்கள் வில்லரேக்கு வீடு மாறி வந்து ஒரு மாதம். மேல்வீட்டு அக்காவும் நாங்களும் ஒரே மேசை. பல்லக்கில் பிள்ளை வருகிறாள், புகை இயந்திரம் புகை விடுகிறது, நானூறு கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. அக்கா என் காதருகே குனிந்தார்.

"பிள்ளை, இப்ப எஞ்சின் நிண்டா எங்கை இறங்குவாய்?"

"என்ன எஞ்சின் அக்கா?"

"எந்த எஞ்சினும்." அவர் தன் ரோல்ஸால் சுட்டிக்காட்டினார். "உந்தச் சிவப்புக் கம்பளத்தைப் பார். வாசலில இருந்து மேடை வரைக்கும் நேர். நீளம் காணும். பல்லக்குத் தூக்கிற பெடியள் மட்டும் விலகோணும். கேக்குக்கு முன்னால நிப்பாட்டிப் போடலாம்."

"அக்கா, உங்களுக்குப் பிளேன் ஓடத் தெரியுமோ?"

"ஓடுறது ஆரும் ஓடுவினம். இறக்கத்தான் லைசன்ஸ்."

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். போன வருடம் பல்கனியில் தேனீ வளர்த்தேன், கீழ்வீட்டுக்காரர் வளர்க்கவிடவில்லை. அதற்குப் பிறகு போர்த்துக்கீச மொழி. அதற்குப் பிறகு களிமண் சட்டி. முதுகலைப் படிப்பு ஒன்றும் இதற்கிடையில் நடந்துகொண்டிருப்பதாக அம்மா நம்புகிறார். அந்தச் சிவப்புக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கணத்தில் அடுத்த பைத்தியம் எனக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அக்கா விமானம் ஓட்டப் பழகியதற்குக் காரணம் கோபம். இருபது வயதில் கனடாவுக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது நடு இருக்கை. ஜன்னல் பக்கம் ஒரு பெரியவர் பதினாறு மணித்தியாலமும் ஜன்னலை மூடிவிட்டு நித்திரை கொண்டாராம். "எங்கை ஏறினன், எங்கை இறங்கினன் எண்டே தெரியாது பிள்ளை. சாக்குக்குள்ள போட்டுப் பூனைக்குட்டியைக் கொண்டு வந்த மாதிரிக் கொண்டு வந்தவங்கள்." அன்றைக்கே முடிவெடுத்தாராம்: இனி ஒரு நாளைக்கு முன் இருக்கையில், எல்லாக் கண்ணாடியும் திறந்தபடி. அந்த ஒரு நாளைக்கு இருபத்துநான்கு வருடம் எடுத்தது. இடையில் இரண்டு பிள்ளைகளை வளர்த்து ரொறன்ரோவுக்கு அனுப்பினார், பிரெஞ்சு படித்தார், பாடசாலை பஸ் ஓட்டும் வேலைக்குப் போனார். நாற்பத்துநான்கு வயதில் விமான லைசன்ஸ். இப்போது வேறு மூன்று பேரோடு பங்குக்கு ஒரு பழைய இருவர் விமானம். அதன் சாவி சிவப்பு நாடாவில் அவருடைய கழுத்தில், தாலிக்கொடிக்குப் பக்கத்தில், தொங்கும்.

பறக்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் அந்தக் கேள்வி. ஒற்றை எஞ்சின் விமானத்தில் எந்த நேரமும் கீழே ஓர் இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்திருக்க வேண்டும். மற்ற விமானிகள் கீழே இறங்கியதும் அந்தக் கேள்வியை விமானத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சொந்தக்காரர் ஒருவர் லவாலில் வீடு வாங்கப் போனபோது, நல்லது கெட்டது பார்க்க அக்காவையும் கூட்டிப் போனார். எல்லோரும் குசினியைப் பார்த்தார்கள். அக்கா நேரே பின்வளவுக்குப் போய் எட்டு வைத்து அளந்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். "நீளம் காணாது. வேலியும் நிக்குது." வீட்டு முகவர் பாவம், நீச்சல் குளம் கட்டப் போகிறார்கள் என்று நினைத்து, குளத்துக்கு இவ்வளவு இடம் தாராளம் என்று விளக்கினார். அக்கா அவரை இரக்கத்தோடு பார்த்தார். "மிஸ்யூ, மேல இருந்து வந்து பாருங்கோ, அப்ப தெரியும்."

பஸ்ஸில் இன்னும் மோசம். காலையில் அஹுன்ட்சிக் பக்கம் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, சிவப்பு விளக்கில் நிற்கிற நேரமெல்லாம் பிரெஞ்சில் கத்துவார்: "இப்ப எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது?" நாற்பது பிள்ளைகளும் பூங்காவையோ உதைபந்தாட்ட மைதானத்தையோ காட்டி, "லா-பா, மதாம்! அங்கே!" என்று அலறுவார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையிலும் தகப்பன்மாரிடம் அதையே கேட்கத் தொடங்கியபோது, பாடசாலைக்கு இரண்டு முறைப்பாடுகளும் ஒரு நன்றிக் கடிதமும் வந்தன. நன்றிக் கடிதம் எழுதிய தகப்பன் தீயணைப்பு வீரர்.

என் அம்மாவும் ஒரு முறை மாட்டிக்கொண்டார். எனக்கு வந்த ஒரு கலியாணப் பேச்சைப் பற்றி அபிப்பிராயம் கேட்க, பெடியனின் படத்தோடு மேலே போனார். பெடியன் கணினித்துறை, லண்டன், ஆறடி. அக்கா படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி. உவற்றை எஞ்சின் நிண்டா இந்தப் பிள்ளை எங்கை இறங்கும்?"

அம்மா கீழே வந்து இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அவ கேட்டதிலயும் ஒரு நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படத்தை மேசை லாச்சிக்குள் வைத்தார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் மெட்ரோவில் வேலை செய்கிறார். சுரங்கத்துக்குள், தண்டவாளம் பரிசோதிக்கிற வேலை. மனைவி நிலத்துக்கு மேலே நாலாயிரம் அடி, கணவர் நிலத்துக்குக் கீழே நூறு அடி. இரண்டு பேரும் சந்திக்கிற ஒரே உயரம் சாப்பாட்டு மேசைதான். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அத்தான் லிஃப்டில்கூட ஏறமாட்டார். அவருக்கு நிலம் என்பது காலுக்குக் கீழேயும் இருக்க வேண்டும், முடிந்தால் தலைக்கு மேலேயும்.

அக்கா லைசன்ஸ் எடுத்த அன்று அத்தான் அவரைச் சாமிப்படத்துக்கு முன்னால் கூட்டிப்போய் ஒரு சத்தியம் வாங்கினார். "நீர் பறவும். நான் மறிக்கேல்ல. ஆனா முதல் பிழையோட சரி. ஒரு நாள் எஞ்சின் நிண்டுது எண்டு வையும், அண்டைக்கே சாவியை என்ரை கையில தரோணும். பேந்து கேக்கக்கூடாது." அக்கா திருநீற்றுத் தட்டில் கைவைத்து ஓம் என்றார். ஊரில் எல்லோரிடமும் எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவாய் என்று கேட்டுத் திரிகிற மனிசிக்கு, தன் எஞ்சின் நின்றால் எங்கே இறங்க வேண்டும் என்பது மட்டும் அன்றைக்கே எழுதியாகிவிட்டது. இறங்கினால் இறங்கினதுதான்.

மூன்று மாதம் கெஞ்சியதில் போன ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு இருக்கை கிடைத்தது. அம்மாவிடம் நூலகம் போகிறேன் என்றேன். படியிறங்கும்போது அத்தான் என்னை மறித்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவையும் ஒரு பையையும் கையில் திணித்தார். டப்பாவில் கோயில் சந்தனம், குழைத்தபடி. பையில் நாலு தேசிக்காய், பச்சை எலுமிச்சை.

"அவ விடமாட்டா பிள்ளை. லைசன்ஸ் எடுத்த நாளில இருந்து கேக்கிறன். புதுச் சைக்கிளுக்கே பூசை வைக்கிற ஆக்கள் நாங்கள். நீ அவவுக்குத் தெரியாம மூக்கில ஒரு பொட்டு வை. சில்லுக்குக் கீழ தேசிக்காய் வை. காணும்."

"நீங்கள் யோசியாதேங்கோ அத்தான். நான் வடிவாச் செய்வன்."

இந்த வரியை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

லவாலுக்கு வடக்கே ஒரு சின்ன விமானத்தளம். புல், ஒரு தகரக் கொட்டகை, ஒரு கோப்பி இயந்திரம். அக்கா விமானத்தைச் சுற்றி வந்து பரிசோதித்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஆணியையும் தொட்டார், எண்ணெயைப் பார்த்தார், டாங்க்கைத் திறந்து கோல் விட்டு அளந்தார். அரை மணித்தியாலம். கடைசியில் என் பக்கம் விரலை நீட்டினார்.

"நான் பாத்து முடிச்சிட்டன். இனி ஆரும் இதில கை வைக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம் அக்கா."

அவர் கொட்டகைக்குள் பறப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனார். நான் டப்பாவைத் திறந்தேன்.

மூக்கில் முதல் பொட்டு. அக்காவின் கண்ணில் படாமல் கொஞ்சம் கீழ்ப்பக்கமாக. அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அரைகுறையாக ஒன்றைச் செய்வது எனக்குப் பிடிக்காது. இறக்கை நுனி இரண்டுக்கும் வைத்தேன். வாலுக்கு வைத்தேன். சில்லு மூன்றுக்கும் வைத்தேன். இறக்கையைத் தாங்குகிற கம்பு இரண்டுக்கும் வயிற்றுக்கும் வைத்தேன். இடது இறக்கைக்குக் கீழே ஒரு குட்டிக் குழாய் தனியாக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்கும் வைத்தேன், சின்னது என்பதால் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். பிறகு தேசிக்காய். அத்தான் கார்ச் சக்கரக் கணக்கில் நாலு தந்திருந்தார். இதற்குச் சில்லு மூன்று. நாலாவதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உருளத் தொடங்கியதும் அக்கா புருவத்தைச் சுருக்கினார். "என்னமோ நசிஞ்ச மாதிரி இல்லையோ?"

"கல்லாயிருக்கும் அக்கா."

எழும்பினோம். நான் வாழ்க்கையில் பிடித்த எல்லாப் பைத்தியங்களையும் அந்த ஒரு நிமிடத்தில் கைவிட்டேன். லவாலின் வீடுகள் தீப்பெட்டிகள் ஆயின, ஆறு ஒரு நாடா ஆயிற்று, பிறகு காடு. காடு என்றால் அப்படி ஒரு காடு. கண் போகிற வரைக்கும் பச்சை, அதற்குள் உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஏரிகள். மனித வாசமே இல்லை. காதில் மாட்டிய கருவிக்குள் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அக்காவின் குரல்.

"இப்ப நிண்டா எங்கை இறங்குவாய்?"

"அந்த ஏரியில அக்கா."

"ஏன், இது வள்ளமோ?"

"அப்ப அந்தப் பச்சைப் புல்லில."

"அது புல்லில்லை, சேறு. மூக்குக் குத்திக் கவிழும். வேற சொல்லு."

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். எனக்கு ஒரு சரியான விடையும் கிடைக்கவில்லை. அப்போதுதான் மரங்களுக்கு நடுவே மண்நிறக் கோடு ஒன்றைக் கண்டேன். மரம் ஏற்றுகிற லொறிகள் போவதற்குக் காட்டுக்குள் வெட்டிய கிரவல் ரோட்டு.

"அந்த ரோட்டில அக்கா! அந்த நேரான துண்டில!"

அக்கா எட்டிப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம், கம்பம் இருக்கிறதா என்றெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு முதன்முதலாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓம். அது இடம்."

அந்தப் பாராட்டை நான் முழுதாக அனுபவித்து முடிக்கவில்லை. எஞ்சின் ஒருதரம் இருமியது. பிறகு இரண்டு தரம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டது.

"அக்கா, பகிடி விடாதேங்கோ."

"நான் விடேல்ல பிள்ளை."

முன்னால் காற்றாடி சும்மா சுழன்றது. காற்றின் ஊளை மட்டும். அக்காவின் கைகள் அதற்குள் எதையெதையோ திருகி, அமத்தி, இழுத்துப் பார்த்துவிட்டன. எஞ்சின் ஒருதரம் உயிர் வந்த மாதிரிக் காட்டிவிட்டு மறுபடியும் செத்தது. அவர் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, அந்த மண் கோட்டை நோக்கித் திருப்பினார். வானொலியில் பிரெஞ்சில் இடத்தைச் சொன்னார். எங்களுக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் போன ஒரு பெரிய விமானம் அதைக் கேட்டுப் பதில் சொன்னது. இவ்வளவும், வீட்டு வாசலில் காரை நிறுத்த இடம் தேடுகிற குரலில்.

"பிள்ளை, மூக்குக்கண்ணாடியைக் கழட்டிப் பொக்கெற்றுக்குள்ள வை. பெல்ட்டை இறுக்கு. கதவைக் கொஞ்சமாத் திறந்து விடு."

"கதவையோ? குதிக்கவோ அக்கா?"

"விசரி, இறங்கினாப் பிறகு இறுகிப் போகாம இருக்க. கொம்மாட்டை என்ன சொல்லிப்போட்டு வந்தனி?"

"நூலகம் எண்டு."

"நல்லது. புத்தகம் ஏதும் எடுத்தனியோ எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்? யோசிச்சுக்கொண்டிரு."

நான் உண்மையாகவே அதை யோசித்தேன். அதற்காகத்தான் கேட்டார் என்பது பிறகுதான் விளங்கியது. மரங்கள் இரண்டு பக்கமும் எழும்பி வந்தன. ரோட்டு அகலமாகிக்கொண்டே வந்தது, ஆனாலும் போதாமல் இருந்தது. அடி விழுந்தது. குதித்தோம். மறுபடியும் அடி. கிரவல் கல்லெல்லாம் வயிற்றுக்குக் கீழே பொரிந்தது. இலைகள் இறக்கை நுனியைத் தட்டின. தூசிக்குள்ளால் ஒரு மஞ்சள் பலகை வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. மான் கடக்கும் இடம், கவனம் என்று படம் போட்ட பலகை. அந்த மானின் கண்ணுக்கு நாலு முழம் முன்னால் நின்றோம்.

எங்கேயோ ஒரு குருவி கத்தியது.

"இறங்கிட்டம்," என்றார் அக்கா.

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. கதவைத் தள்ளித் திறந்து ரோட்டில் குந்தியிருந்து, கிரவல் கல்லைக் கையால் அள்ளி அள்ளிச் சிரித்தேன். கல் என்பது இவ்வளவு அருமையான பொருள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் இருக்கையிலேயே இருந்தார். சாவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. முதல் பிழையோடு சரி.

"அக்கா, இது உங்கட பிழை இல்லையே."

"எஞ்சின் நிண்டதுதானே. சத்தியத்தில ஆற்றை பிழை எண்டு கேட்டு எழுதேல்ல."

அவர் இறங்கி, காலையில் சுற்றியது போலவே விமானத்தைச் சுற்றி வந்தார். இந்த முறை குற்றவாளியைத் தேடுகிற மாதிரி. டாங்க்கின் மூடியைத் திறந்தபோது, வெறும் போத்தலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு எடுத்த மாதிரி உஸ்ஸென்று ஒரு சத்தம். பெற்றோல் அரைவாசிக்கு மேல் இருந்தது. அக்காவின் முகம் மாறியது. நேரே இடது இறக்கைக்குக் கீழே குனிந்தார். அந்தக் குட்டிக் குழாய். பெற்றோல் இறங்க இறங்க டாங்க்குக்குள் காற்றுப் போவதற்கென்று விட்ட ஒரே வழி அதுதான். காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் இறங்காது. வழியை மஞ்சளாக ஒன்று அடைத்துக் காய்ந்து கல்லாகியிருந்தது.

அக்கா நகத்தால் சுரண்டினார். மணந்து பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"இது எங்கட கோயில் சந்தனம்."

காட்டுக்குள் ஒளிய எத்தனையோ மரம் இருந்தது. நான் சட்டைப் பைக்குள் இருந்த தேசிக்காயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தினை இடத்தில வைச்சனி?"

"பதினொண்டு."

"ஏன் பதினொண்டு?"

"பத்துத்தான் வைச்சனான் அக்கா. ஒற்றைப்படையா இருக்கட்டும் எண்டு கடைசியா இதுக்கும்..."

அவர் ரோட்டிலேயே இருந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓடிப்போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் அறுபது வயது மதிக்கத்தக்க கெபெக் மாகாணத்துக்காரர், தூண்டில் தொப்பி. விமானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பொட்டுகளைப் பார்த்தார். "பொன்ஜூர்" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். விசாரித்ததில், அந்த ரோட்டை இயந்திரம் கொண்டு சமப்படுத்துகிற வேலை அவருடையதாம். முதல்நாள்தான் அந்தத் துண்டைச் சமப்படுத்தினாராம். அக்கா எழுந்து போய் அவரை அப்படியே கட்டிப்பிடித்துவிட்டார். பிரெஞ்சில் அவருடைய ரோட்டைப் புகழ்ந்த புகழ்ச்சி இருக்கிறதே, கோயில் தேர் வீதியைக்கூட அவர் அப்படிப் புகழ்ந்ததில்லை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடமாக இந்த ரோட்டைப் பற்றி அவரிடம் சொல்லப்பட்டதெல்லாம் முறைப்பாடுதானாம். குடுவையிலிருந்து வெறும் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். என் சட்டைப் பைக்குள் இருந்த நாலாவது தேசிக்காயைப் பிழிந்து மூன்று பேரும் குடித்தோம்.

அவர் எங்களைப் பக்கத்துக் கிராமத்துத் தெப்பனேர் என்கிற சின்னக் கடைக்குக் கொண்டுபோய் விட்டார். கடைக்கு முன்னால் தொலைபேசிக்குக் கோடு கிடைத்தது. அக்கா பொலிசுக்குச் சொன்னார், மற்றப் பங்குக்காரரிடம் மெக்கானிக்கை அனுப்பச் சொன்னார். கடைசியாக அத்தானுக்கு எடுத்து இரண்டே வசனம் சொன்னார். "ரெண்டு பேரும் சுகம். எஞ்சின் நிண்டுட்டுது."

அத்தான் நாலு மணித்தியாலம் கார் ஓடி வந்தார். ஜூன் மாத வெயில் அப்போதும் மரத்துக்கு மேலேதான் நின்றது. காரை விட்டு இறங்கி, அக்காவை உச்சியிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார், தண்டவாளம் பார்க்கிற பார்வை. ஒரு போத்தல் தண்ணியும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் நீட்டினார். இடியப்பம், சம்பல். அந்தப் பதற்றத்திலும் அவித்துக்கொண்டு வந்திருக்கிறார். அக்கா ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், கழுத்திலிருந்த சிவப்பு நாடாவைக் கழற்றி அவருடைய கையில் வைத்தார்.

"இந்தாங்கோ. சொன்னபடி."

நாற்பது பிள்ளைகளைக் கத்தவைக்கிற அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. அக்கா என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லப்போவதில்லை என்றும் விளங்கியது.

"அத்தான்," என்றேன். "எஞ்சின் நிக்கேல்ல. நான்தான் நிப்பாட்டினனான்."

டப்பாவில் தொடங்கிக் குழாயில் முடித்து எல்லாம் சொன்னேன். அத்தான் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் மறித்தார்.

"மூக்கில ஒண்டு எண்டுதானே சொன்னனான்?"

"அத்தான், பிளேனுக்கு நிறைய மூக்கு."

கடைக்காரர் எங்களைப் பார்த்தபடி ஒரே கண்ணாடியை ஐந்து தரம் துடைத்தார். பிறகு அத்தான் தன் வேலைக்குரலில் கேட்டார், விசாரணை வைக்கிற மேலாளர் மாதிரி.

"அக்கா பாத்து முடிச்ச பிறகோ வைச்சனி? முதலோ?"

"பாத்து முடிச்ச பிறகு. தொடக்கூடாது எண்டும் சொன்னவ."

"அப்ப அவவின்ரை பிழை இல்லை." அத்தான் பெருமூச்சு விட்டார். "எங்கட சுரங்கத்தில ஒரு சட்டம் இருக்கு. தண்டவாளம் பாத்துக் கையெழுத்துப் போட்டாச்செண்டா, பேந்து ஒரு ஆணியைக்கூட ஆரும் அதில வைக்கேலாது. வைச்சவனுக்கும் வேலை போகும், வைக்கச் சொன்னவனுக்கும் வேலை போகும்." தன்னுடைய நெஞ்சைத் தானே தொட்டுக் காட்டினார். "வைக்கச் சொன்னவன் நான்."

அவர் நாடாவை விரித்து, கடைக்காரர் முன்னால், எனக்கு முன்னால், அந்தக் கிராமத்தின் ஒரே நாய்க்கு முன்னால், அக்காவின் கழுத்தில் திரும்பப் போட்டார். இரண்டாம் தரம் தாலி கட்டுகிற மாதிரி இருந்தது. நான் கைதட்டினேன். கடைக்காரரும் ஏனென்று தெரியாமல் தட்டினார்.

"இனிச் சந்தனம் தரமாட்டன்," என்றார் அத்தான்.

"ஏன், தாங்கோவன்," என்றார் அக்கா, இடியப்பத்தைப் பிய்த்தபடி. "பூசை முதல். பரிசோதனை பேந்து. அவ்வளவுதான். லைசன்ஸ் எடுத்த நாளே வைக்க விட்டிருந்தா நீங்களும் களவா அனுப்பியிருக்க மாட்டியள்."

மெக்கானிக் அடுத்த நாள் போய், ஒரு ஊசியும் சுடுதண்ணியும் கொண்டு அந்தக் குழாயைத் திறந்தார். பொலிஸ் ரோட்டை மறித்துக்கொடுக்க, பங்குக்காரர் ஒருவர் விமானத்தை எழுப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரோட்டுக்காரர் தன் இயந்திரத்தோடு வந்து, எழும்புவதற்கென்று அந்தத் துண்டை இன்னொருதரம் சமப்படுத்தினாராம். அக்கா எழுதிக்கொடுத்த அறிக்கையில் 'அடைத்திருந்த பொருள்' என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "சந்தனம், பக்தி மிகுதி" என்றார். அம்மாவுக்கு உண்மை தெரிந்து, ஒரு கிழமை எனக்குச் சோறு மட்டும் கிடைத்தது, கறி இல்லை. ஆனால் இரண்டாம் நாளே மேலே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தார்.

போன வெள்ளிக்கிழமை அக்கா கீழே இறங்கி வந்தார். வருகிற சனிக்கிழமை வானிலை நல்லதாம். ஆனால் இருக்கை எனக்கில்லை.

"அவர் வாறாராம் பிள்ளை."

"ஆர், அத்தானோ? லிஃப்டில ஏறாத அத்தானோ?"

"ஓம். எனக்கும் நம்பேலாமக் கிடக்கு. ஜன்னல் பக்கம் வேணுமாம். ரெண்டு பேர் போற பிளேனில ரெண்டும் ஜன்னல்தான் எண்டு சொல்லேல்ல. சந்தோஷப்படட்டும்."

ஆகவே சனிக்கிழமை காலை நான் அந்தப் புல்தரையில் நிற்பேன். தேசிக்காய் மூன்றே மூன்று, எண்ணிக் கொண்டுபோவேன். சந்தனம் ஒரே ஒரு பொட்டு, அதுவும் அத்தானின் நெற்றியில். அது முடிந்த பிறகுதான் அக்கா பரிசோதனை தொடங்குவார். தொடங்கினால் நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு வேலிக்கு அப்பால் போய்விடுவேன். அவர்கள் இரண்டு பேரும் மேலே போய்ச் சின்னப் புள்ளியாகிற வரைக்கும் பார்ப்பேன். பிறகு, கிழக்கே அந்தச் சோள வயல் உழுது முடிந்துவிட்டதா, தெற்கே அந்த ரோட்டில் கம்பம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்து, அக்காவுக்காக ஓர் இடத்தைக் கண்ணில் பிடித்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும் வரை அங்கேயே நிற்பேன்.